நுண்ணறிவுப் போக்குவரத்து ஆய்வும் சாலையைக் கடப்போரும்
(பொம்மையார்பாளையத்தை முன்வைத்து)

முன்னுரை

மனிதன் நடந்த தடமே பாதையாயிற்று, பாதை சாலையாயிற்று, இன்று சாலை கணிப்பொறியோடு பேசத் தொடங்கியிருக்கிறது. ஊர்திகளை எண்ணும் கருவிகள், பேருந்து வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் கைப்பேசிச் செயலிகள், நெரிசலுக்கேற்பத் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளும் சைகை விளக்குகள் ஆகியவற்றை ஒருசேர நுண்ணறிவுப் போக்குவரத்து என்பர். இத்துறை ஆய்வுகள் செல்லும் திசைகளைத் தொகுத்துரைப்பதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பொம்மையார்பாளையம் போன்ற ஓர் ஊருக்கு அவ்வாய்வுகளால் விளையும் பயன் யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். பொறியியல் சார்ந்த பொருளைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவது பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். வழி காட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ் என்பதை எண்ணினால் அவ்வையம் நீங்கும்.

1. ஆறும் ஆற்றுப்படையும்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை நம் ஆய்வுக்கு மிக நெருங்கியது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூலின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனைக் காணச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஊர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கருத்து. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எந்த ஊரில் எந்நிலத்து மக்கள் வாழ்கின்றனர், வழிநடந்து களைத்தவர்க்கு அவர்கள் என்ன உணவளிப்பர் என்பனவும் நூலில் உண்டு. கடற்கரையில் சுட்ட குழல்மீன், முல்லை நிலத்தில் புளியிட்ட சோறு, மருதத்தில் வெண்சோறும் நண்டும் என விருந்து மாறிச் செல்கிறது. வழியும் தொலைவும் தங்குமிடமும் சொல்லும் இன்றைய பயணச் செயலியின் பணியை, இதே விழுப்புரம் மாவட்ட நிலப்பரப்பில், ஒரு புலவர் நடந்து செல்பவனுக்காகச் செய்திருக்கிறார்.

இம்மரபு பிற்காலத்திலும் அறுபடவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்திற்குப் புலவரை வழிப்படுத்தும் புலவராற்றுப்படையை இயற்றியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

கல்லிலும் ஒரு சான்று உண்டு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நாவல்தாவளத்துக்கு உள்ள தொலைவை 29 காதம் எனக் குறிக்கிறது. எழுத்தோடு நில்லாமல் பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் அக்கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. எழுத்தறியாதவனும், இருளில் கையால் தடவிப் பார்ப்பவனும் தொலைவை அறியலாம். வழித்தகவல் யாருக்காக என்னும் வினாவுக்கு அக்கல் வெட்டியவர் தந்த விடை இது. நுண்ணறிவுப் போக்குவரத்தை மதிப்பிடவும் இதே வினாவை அளவுகோலாகக் கொள்வோம்.

2. உலக அளவில் ஆய்வின் வளர்ச்சி

உலகின் முதல் சைகை விளக்கு 1868 டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்டது. எரிவளியால் எரிந்த அது அடுத்த மாதமே வெடித்தது. அது நிறுவப்பட்ட நோக்கங்களுள் முதன்மையானது, வண்டிகளுக்கிடையே நடந்து செல்வோர் சாலையைக் கடக்க உதவுவது. போக்குவரத்துக் கட்டுப்பாடு நடப்பவரிடமிருந்தே தொடங்கியது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

மோட்டார் ஊர்திகள் பெருகிய பின் ஆய்வு ஊர்திகளின் பக்கம் திரும்பியது. 1935இல் அமெரிக்கரான கிரீன்ஷீல்ட்ஸ் படக்கருவி கொண்டு ஊர்திகளைப் பதிவு செய்து, நெருக்கம் கூடக் கூட வேகம் குறையும் தொடர்பை வரையறுத்தார். 1955இல் இங்கிலாந்தின் லைட்ஹில், விட்டம் இருவரும் இரு பகுதிகளாக ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதற்பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகரும் முறை பற்றியது. இரண்டாம் பகுதி நெரிசல்மிக்க சாலையில் ஊர்திகள் நகரும் முறை பற்றியது. இரண்டுக்கும் ஒரே கணிதம் பொருந்தியது. ஆறு என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் வழங்கிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது.

1958இல் பிரித்தானியச் சாலை ஆய்வுக்கூடத்தின் வெப்ஸ்டர், சைகை விளக்கின் சுழற்சி நேரத்தைக் கணிக்கும் வாய்பாட்டைத் தந்தார். ஊர்திகளின் மொத்தக் காத்திருப்பைக் குறைப்பதே அதன் இலக்கு. 1970களில் இங்கிலாந்தில் ஸ்கூட், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஸ்காட்ஸ் என்னும் முறைகள் தோன்றின. சாலைக்கடியில் புதைத்த கம்பிச்சுருள் ஊர்தியை உணர்ந்து சொல்ல, கணிப்பொறி விளக்கின் நேரத்தை மாற்றியது. சிங்கப்பூர் 1975இல் நகர மையத்துள் நுழையும் ஊர்திகளுக்குக் கட்டணம் விதித்து, 1998இல் அதனை மின்னணு முறைக்கு மாற்றியது. சுவீடன் நாடாளுமன்றம் 1997இல், சாலையில் ஓர் உயிரிழப்பும் ஏற்கத்தக்கதன்று என்னும் கொள்கையை நிறைவேற்றியது. பிழை செய்யாத மனிதன் இல்லையாதலின், அவன் பிழைக்கு உயிர் விலையாகாதவாறு சாலை அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. விரைவை மட்டும் நாடிய ஆய்வுக்கு இது புதுத் திசை காட்டியது.

3. இந்தியச் சாலையின் தனித்தன்மை

மேலைநாட்டு முறைகளை அப்படியே பெயர்த்து நடுவதால் இந்தியாவில் பயன் விளைவதில்லை. அங்கே ஊர்திகள் தடம் பிறழாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. இங்கே பேருந்து, மகிழுந்து, ஆட்டோ, இருசக்கர ஊர்தி, மிதிவண்டி, மாட்டுவண்டி யாவும் ஒரே பரப்பில் கிடைத்த இடைவெளியில் நுழைகின்றன. தடத்துக்கொன்றாகப் புதைத்த கம்பிச்சுருள், இரு தடங்களுக்கு நடுவே செல்லும் இருசக்கர ஊர்தியை எவ்வாறு எண்ணும்? இச்சிக்கலே இந்திய ஆய்வாளர்களைத் தனிவழி காணச் செய்தது. மையச் சாலை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில், இந்தியச் சாலைகளின் கொள்ளளவைக் கணிக்கும் கையேடு 2017இல் உருவானது. ஒளிப்படக் கருவியின் காட்சியிலிருந்து ஊர்தி வகைகளைக் கணிப்பொறியே பிரித்தறியும் ஆய்வுகளும் பெருகி வருகின்றன.

4. தமிழகத்தில் நிகழ்ந்தவை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. பேருந்துகளில் செயற்கைக்கோள்வழி இடமறி கருவிகளைப் பொருத்தி, ஒரே தடத்தில் முன்னே சென்ற பேருந்துகள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு பின்னே வரும் பேருந்தின் நேரத்தை அவர்கள் கணித்தனர். இதற்குப் பயன்பட்ட கணித முறை 1960இல் கால்மன் வகுத்தது. முன்சென்றவன் பட்டறிவு பின்வருபவனுக்கு வழிகாட்டுகிறது என்ற வகையில் இதனையும் ஓர் ஆற்றுப்படை எனலாம்.

2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலியை அறிமுகப்படுத்தியது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்தொடர் வண்டி ஆகியவற்றில் ஒரே பயணச்சீட்டில் செல்ல அது வழிசெய்தது. சாலைப் பாதுகாப்புத் துறையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் 2021இல் செயற்பாட்டுக்கு வந்தது. விபத்து நிகழ்ந்த இடத்தைக் காவலர் கைப்பேசி வழியாகவே பதிவு செய்ய, அடிக்கடி விபத்து நிகழும் இடங்கள் வரைபடத்தில் தாமே புலப்படுகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணிநேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளித்தது.

இவையனைத்தும் போற்றத்தக்கன. ஆயினும் விபத்துத் தரவு என்பது உயிரோ உறுப்போ போனபின் எழுதப்படும் கணக்கு. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 64,105 விபத்துகளில் 17,884 பேர் மாண்டனர். ஐவருள் ஒருவர் நடந்து சென்றவர் என்னும் இவ்வுண்மையே நம்மைப் பொம்மையார்பாளையத்துக்கு அழைத்துச் செல்கிறது.

5. பொம்மையார்பாளையம்: ஊரும் சாலையும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்தது இவ்வூர். கிழக்கே வங்கக் கடலும் மீனவர் குடியிருப்பும். மேற்கே செம்மண் மேடும் ஆரோவில்லும். தெற்கே சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி ஆகியவற்றைக் கடந்தால் இசுலாமியர் மிகுதியாக வாழும் கோட்டக்குப்பம். பொம்மபுர ஆதீனத்தால் இவ்வூர்க்குத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இடமுண்டு. துறைமங்கலம் சிவப்பிரகாசர் இவ்வாதீனத்துச் சிவஞான பாலைய சுவாமிகள் மீது தூது, தாலாட்டு முதலிய சிற்றிலக்கியங்களைப் பாடினார்.

கடலோரச் சிற்றூர்களின் பழைய பாதைகளைக் கோத்து உருவானது கிழக்குக் கடற்கரைச் சாலை. 1998இல் தோன்றிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், சென்னையை அடுத்த அக்கரை முதல் புதுச்சேரி வரையுள்ள 113 கி.மீ. நீளத்தைச் செப்பனிட்டு 2002இல் சுங்கச் சாலையாக்கியது. பின்னர் இவ்வழி 332ஏ என்னும் தேசிய நெடுஞ்சாலையாயிற்று. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கி.மீ. நீளத்தை ரூ.2,157 கோடியில் நால்வழியாக்கும் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நால்வழிச் சாலை எத்தடத்தில் அமையினும், கடற்கரை ஊர்களின் நடுவே செல்லும் சாலையில் மக்கள் குறுக்கே நடப்பது ஒழியப் போவதில்லை. அதற்கான காரணம் எளியது.

நம் நாட்டில் ஊர்திகள் இடப்புறம் செல்லும். ஆகவே புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்து சாலையின் கிழக்கோரம் நிற்கும். புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்து மேற்கோரம் நிற்கும். கிழக்கே வாழும் மீனவப் பெண் காலையில் சாலையைக் கடவாமலே பேருந்தேறலாம். மாலையில் மேற்கோரம் இறங்கி, களைத்த உடலோடு, பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில், சாலையைக் கடந்தே தீரவேண்டும். மேற்கே வாழ்பவர்க்கு இதுவே காலையில் நேர்கிறது. இருபுறமும் குடியிருப்புள்ள எவ்வூரிலும், பேருந்தில் சென்று மீளும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒருமுறை சாலையைக் கடப்பவரே.

6. காத்திருப்பின் கணக்கு

இக்கடத்தலை ஆய்வு முறையில் அளந்து காண்போம். எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை, முறையே முதன்மையானது.

கடக்க வேண்டிய அகலம் 9.6 மீட்டர், நடப்பவர் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் எனக் கொண்டால் கடக்க 8 நொடி வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் ஊர்தி அந்த 8 நொடிகளில் ஏறத்தாழ 178 மீட்டர் ஓடிவிடும். ஆகவே 178 மீட்டருக்கு அப்பால் வரும் ஊர்தியின் வேகத்தை நடப்பவர் கண்ணால் மதிப்பிட வேண்டும். ஓட்டுநர் அவரைக் கண்டு நிறுத்த எவ்வளவு தொலைவு தேவை? இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறைப்படி 80 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர், 40 கி.மீ. வேகத்தில் 45 மீட்டர் மட்டுமே. வேகம் பாதியானால் நிறுத்தும் தொலைவு பாதிக்கும் கீழாகக் குறைகிறது.

இனி, 8 நொடி இடைவெளி கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஊர்திகள் ஒழுங்கின்றித் தனித்தனியே வருவதாகக் கொண்டு இதனைக் கணிக்கும் வாய்பாட்டை 1936இலேயே ஆடம்ஸ் என்பவர் தந்துள்ளார். இருதிசையும் சேர்ந்து மணிக்கு 600 ஊர்திகள் சென்றால் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 9 நொடி. 1,200 ஊர்திகளானால் 32 நொடி. 1,800 ஆனால் 99 நொடி. ஊர்திகள் மும்மடங்காகும்போது காத்திருப்பு பதினொரு மடங்காகிறது. விடுமுறை நாள்களில் சுற்றுலா ஊர்திகள் பெருகும் சாலையில் இது வெறுங்கணக்கன்று. ஒன்றரை நிமிடம் காத்தும் இடைவெளி கிடைக்காதவர் பொறுமையிழந்து சிறிய இடைவெளியில் இறங்கிவிடுகிறார். அவர் செயலைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறோம். அக்கவனக்குறைவைச் சாலை எவ்வாறு உண்டாக்கியது என எழுதுவதில்லை.

அதே சாலையின் நடுவே, ஒருவர் பாதுகாப்பாக நிற்கத்தக்க உயர்ந்த ஒரு திட்டை அமைப்பதாகக் கொள்வோம். இப்போது ஒரு திசை ஊர்திகளை மட்டும் நோக்கிப் பாதி அகலத்தை 4 நொடியில் கடந்து, திட்டில் நின்று, மறுபாதியைக் கடக்கலாம். மணிக்கு 1,800 ஊர்திகள் செல்லும் அதே நிலையில், இருபாதிக்கும் சேர்த்துக் காத்திருப்பு ஏறத்தாழ 6 நொடியே. 99 நொடி 6 ஆகிறது. இதற்கு உணர்கருவி வேண்டா, கணிப்பொறி வேண்டா, மின்சாரமும் வேண்டா. சில மீட்டர் நீளமுள்ள ஒரு காங்கிரீட் திட்டும், அதற்கு முன் ஊர்திகளின் வேகத்தை 40 கி.மீ. அளவுக்குத் தாழ்த்தும் மேடும், இரவில் அவற்றைக் காட்டும் விளக்கும் போதும். வேகம் தாழாத இடத்தில் திட்டு மட்டும் காப்பாற்றாது என்பதையும் மறத்தலாகாது. நுண்ணறிவு என்பது கருவியில் மட்டுமன்று, அமைப்பிலும் உறையும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

7. ஆய்வு செல்லவேண்டிய திசை

இக்கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, யாரை எண்ணுகிறோம் என்பது. இன்றைய போக்குவரத்துத் தரவின் பெரும்பகுதி ஊர்திகளிலும் கைப்பேசிகளிலும் இருந்து வருகிறது. பேசி இல்லாமல் சாலையோரம் நிற்பவர் அத்தரவில் இல்லை. ஊர்தி 30 நொடி தாமதித்தால் வரைபடம் சிவக்கிறது. நடப்பவர் 99 நொடி நின்றால் எக்கருவியும் அறிவதில்லை. எழுத்தறியாதவனுக்கும் குழி வெட்டிய பெருவழிக் கல்லின் நெறியை இங்கே நினைத்தல் தகும். நடப்பவர் காத்திருப்பும் போக்குவரத்துத் தாமதமே என்று பதிவு பெறவேண்டும்.

இரண்டாவது, விபத்துக்கு முன்னரே அளத்தல். ஒருவர் ஓரிடத்தைக் கடந்தபின் எத்தனை நொடியில் ஊர்தி அதே இடத்தை அடைந்தது என ஒளிப்படக் காட்சியிலிருந்து அளக்கும் முறை உலகெங்கும் வளர்ந்து வருகிறது. மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளை எண்ணினால், ஓர் உயிரையும் இழக்காமலே இடர்மிக்க இடத்தை அறியலாம். சிற்றூர்ச் சாலைகளுக்கு ஏற்ற எளிய வடிவில் இம்முறையை உருவாக்குதல் நம் நாட்டு ஆய்வாளர்க்குரிய பணி.

மூன்றாவது, பொறுப்பு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வகுத்த தரத்தின்படி சாலையை அமைக்கவோ பேணவோ தவறியதால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், அப்பொறுப்பிலுள்ளோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ஊர் மக்களிடம் முறையாக எடுத்த அளவீடு இருப்பின் அவர்தம் விண்ணப்பத்துக்கு வலிமை கூடும்.

8. மாணவர் செய்யத்தக்கது

மேற்கூறிய அளவீட்டிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நால்வர் குழு, இரண்டு நிறுத்தற் கடிகாரம், ஒரு குறிப்பேடு போதும். ஒருவர் வடக்கு நோக்கிய ஊர்திகளையும் மற்றொருவர் தெற்கு நோக்கியவற்றையும் 15 நிமிடக் கூறுகளாக வகைபிரித்து எண்ணுக. மூன்றாமவர், கடக்க வந்தவர் சாலையோரம் நின்ற நேரத்தையும் கடந்த நேரத்தையும் குறிக்க. நான்காமவர் முதியோர், சிறுவர், சுமை தூக்கியோர் எனப் பகுக்க. காலை, மாலை, வேலைநாள், விடுமுறைநாள் என நான்கு வேளை எடுத்தால் ஊராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் வைக்கத்தக்க ஆவணம் கிடைக்கும். சாலை மிதியாமல், ஓரத்திலேயே நின்று இதனைச் செய்தல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்குத் தனிப்பணியும் உண்டு. நிறுத்தப் பலகை, செயலியின் குறிப்பு, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றின் தமிழ் பல இடங்களில் பொருள் விளங்காததாகவே உள்ளது. ஓட்டுநர் ஒரு கணத்தில் படித்துணரும் சொல்லைத் தேர்வதும், காதால் கேட்டே பயணி அறியும் அறிவிப்பை எழுதுவதும் மொழியறிந்தார் கடமை. நத்தத்தனார் செய்த பணியின் தொடர்ச்சியே இது.

முடிவுரை

பாதையில் கிடக்கும் இடர்ப்பொருளை அகற்றுவது இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸகாத் பெறுதற்குரிய எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருமறை சேர்த்துள்ளது. முள்ளும் கல்லுமே பாதையின் இடராக இருந்த காலம் போய், கட்டுக்கடங்கா வேகமே இடராகிவிட்ட காலம் இது. அதனை அகற்றுவதும் அதே அறத்தின்பாற்படும்.

நுண்ணறிவுப் போக்குவரத்து ஆய்வு ஊர்திகளை விரைவுபடுத்துவதில் வெற்றி கண்டுள்ளது. அவ்வூர்திகளுக்கிடையே கூடையைச் சுமந்து நிற்பவரையும் அது காணத் தொடங்கும்போதே முழுமை பெறும். மரக்காணம்–புதுச்சேரிச் சாலைக்காக ஒதுக்கிய கோடிகளுள், ஊர்தோறும் ஒரு நடுத்திட்டுக்கும் ஒரு விளக்குக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைக் கேட்டுப் பெறுதற்கான எண்களைத் திரட்டித் தருவது, அவ்வழியே நாள்தோறும் பயணம் செய்யும் கல்லூரி மாணவரால் இயலாத செயலன்று.